ஆன்லைனில் செய்த வேலையை ரெஸ்யூமேயில் போடலாமா?

போடலாம். பெரும்பாலும் போடத்தான் வேண்டும். ஆனால் எதைப் போடுவது, எந்தத் தலைப்பில் போடுவது, கேட்டால் எதைக் காட்டுவது என்று தெரியாமல் போட்டால் இருக்கிற வாய்ப்பும் கெட்டுப்போகும். வீட்டிலிருந்தே ஒன்றரை வருடம் ஒழுங்காக வேலை செய்தவர்கள், "அதெல்லாம் ஒரு வேலையா" என்று சொந்தக்காரர் யாரோ சொன்னதை நம்பி, அந்தக் காலத்தை வெற்றிடமாக விட்டு விண்ணப்பிக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஒரே நாளில் முடித்த இணையப் பயிற்சியைப் பெரிய நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்ததாக எழுதி, ரெஸ்யூமேயில் சொன்னதை நிறுவனம் சரிபார்க்கும் வெரிஃபிகேஷனில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வகையினர் இழப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

சென்னை, கோவை, திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் தனியார் வேலைக்கு விண்ணப்பிக்கும் புதியவர்களை மனதில் வைத்திருக்கிறேன். ரெஸ்யூமேயை நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். இங்கே மாதிரிகளைத் தமிழில் தருகிறேன், பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இப்படி வேலை செய்கிறவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. 2022 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, 2020-21-இல் இந்தியாவில் 77 லட்சம் பேர் கிக் வேலைகளில் (நிரந்தரப் பணி இல்லாமல், செய்யும் வேலைக்கு ஏற்பப் பணம் பெறும் வேலைகள்) இருந்ததாகவும், 2029-30-இல் அது 2.35 கோடியாக உயரும் என்றும் மதிப்பிட்டது. டெலிவரி செய்பவர்களும் டாக்சி ஓட்டுபவர்களும் அதில் அடக்கம் என்றாலும், சம்பளச் சீட்டு இல்லாத வேலை என்பது ஹெச்.ஆர். நாற்காலியில் இருப்பவருக்குப் புதிதில்லை. அவருக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: இதை எப்படி நம்புவது? ரெஸ்யூமேயில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருந்தால் போதும்.

முதலில் தரம் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து, இணையத்தில் செய்த எல்லாவற்றையும் எழுதுங்கள். சின்னது பெரியது பார்க்க வேண்டாம். அப்புறம் ஒவ்வொன்றும் கீழே உள்ள எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள்.

ஒரு நிறுவனம் உங்களை வேலைக்கு எடுத்து, மாதச் சம்பளம் கொடுத்து, நீங்கள் வீட்டிலிருந்து வேலை செய்திருந்தால் அது ஆன்லைன் வேலையே இல்லை, வழக்கமான வேலை. மற்ற வேலைகளைப் போலவே நிறுவனத்தின் பெயர், பதவி, தேதி போட்டு, ஊர் என்ற இடத்தில் மட்டும் 'ரிமோட்' என்று எழுதுங்கள். இதைக் கொண்டுபோய் 'ஆன்லைன் அனுபவம்' என்று தனித் தலைப்பில் வைத்தால் நீங்களே அதன் மதிப்பைக் குறைக்கிறீர்கள்.

அப்வொர்க், ஃபைவர், ஃப்ரீலான்சர் போன்ற தளங்கள் வழியாகவோ, தெரிந்தவர் மூலமாகவோ கிளையன்ட் பிடித்துச் செய்த வேலை அடுத்தது. வெப்சைட் செய்து கொடுத்தது, கணக்கு எழுதியது, மொழிபெயர்த்தது, வீடியோ எடிட்டிங், லோகோ, கன்டென்ட் எழுதியது எல்லாம் இதில் வரும். இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

துண்டு துண்டாகச் செய்யும் வேலைகள் மூன்றாவது. படங்களுக்கு லேபிள் போடுவது, தமிழ் ஆடியோவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது, ஏஐ சொன்ன பதில்களுக்கு மதிப்பெண் போடுவது. பல மாதம் தொடர்ந்து செய்திருந்தால் 'டேட்டா அனோட்டேஷன்' என்று தாராளமாகப் போடலாம். எந்த மொழி, எத்தனை மணி நேர ஆடியோ, தளம் உங்கள் துல்லியத்தைச் சதவீதமாகக் காட்டியிருந்தால் அது எவ்வளவு என்பதையும் சேருங்கள். விடுமுறையில் பத்து நாள் செய்து பார்த்ததை விட்டுவிடுங்கள்.

சொந்தமாக நடத்தியவை இன்னொரு வகை: யூடியூப் சேனல், இன்ஸ்டாகிராமில் சேலை விற்பனை, வலைப்பதிவு. விண்ணப்பிக்கும் வேலையோடு தொடர்பு இருந்தால் இவற்றுக்கு நல்ல மதிப்பு உண்டு. டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைக்குப் போகிறவர், 1,000 சந்தாதாரர்கள், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்ற யூடியூபின் வரம்பைத் தாண்டி விளம்பர வருமானம் எடுத்த சேனலைக் காட்டினால், அது பல சான்றிதழ்களைவிட அதிகம் பேசும். ஆய்வக டெக்னீஷியன் வேலைக்கு அதே சேனல் ஒரு வரிக்கு மேல் தேவையில்லை.

சம்பளம் இல்லாமல் செய்தவற்றைப் பலர் மறந்தே போகிறார்கள். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பங்களித்த நிரல், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிய கட்டுரைகள் இவற்றில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எந்தத் தேதியில் என்ன செய்தீர்கள் என்பது பொதுவில் பதிவாகி நிற்கிறது. விக்கிப்பீடியாவில் உங்கள் பயனர் பெயரின் பங்களிப்புகள் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இதைவிட நல்ல சாட்சி வேறு கிடைக்காது. 'தன்னார்வப் பங்களிப்பு' என்ற தலைப்பில் இணைப்போடு போடுங்கள்.

கடைசியாக இன்டர்ன்ஷிப் சான்றிதழ்கள். இங்கே கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பணம் கட்டினால் ஒரு மாத இன்டர்ன்ஷிப் சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஹெச்.ஆர். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர்கள் அத்துபடி. அதைப் போட்டால், உண்மையாகச் செய்த மற்ற விஷயங்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். ஃபோரேஜ் போன்ற தளங்களில் பெரிய நிறுவனங்களின் பெயரில் கிடைக்கும் மெய்நிகர் வேலைப் பயிற்சிகள் நல்லவை, இலவசமும்கூட. ஆனால் அது பயிற்சி. 'டெலாய்ட்டில் இன்டர்ன்' என்று எழுதினால் அது பொய். 'டெலாய்ட் ஜாப் சிமுலேஷன், ஃபோரேஜ்' என்று பயிற்சிகள் பகுதியில் எழுதினால் அது உண்மை, அதற்கு உரிய மரியாதையும் கிடைக்கும்.

எதைப் போடவே கூடாது

கேப்சா டைப் செய்தது, விளம்பரத்தைக் கிளிக் செய்தது, சர்வே நிரப்பியது எதுவும் வேண்டாம். டெலிகிராமில் 'டாஸ்க்' கொடுத்து, ஹோட்டலுக்கு ரேட்டிங் போடச் சொல்லி, அப்புறம் முதலில் பணம் கட்டச் சொல்லும் கும்பலிடம் சிக்கியிருந்தால் அது வேலை அனுபவம் இல்லை, மோசடி. பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். உங்கள் வங்கிக் கணக்கு வழியாக வேறு யாருடைய பணத்தையாவது அனுப்பச் சொல்லியிருந்தால் இன்னும் அவசரம். தாமதிக்காதீர்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுத்ததையும் போடாதீர்கள். 'அகாடமிக் ரைட்டர்' என்று அழகாகப் பெயர் வைத்திருப்பார்கள். மாணவர்களுக்குப் பதிலாக எழுதிக் கொடுக்கும் சேவையை ஆஸ்திரேலியா 2020-இலும், இங்கிலாந்து 2022-இலும் சட்டப்படி குற்றமாக்கிவிட்டன. பல்கலைக்கழகங்களோடு தொடர்புள்ள நிறுவனம் அந்த வரியைப் பார்த்தால் ரெஸ்யூமே அங்கேயே நின்றுவிடும். அந்த வேலையில் வளர்த்துக்கொண்ட தேடும் திறனையும் எழுதும் திறனையும் காட்ட வேண்டுமானால், உங்கள் சொந்தப் பெயரில் இரண்டு கட்டுரைகள் எழுதி அவற்றைக் காட்டுங்கள்.

விண்ணப்பிக்கும் துறையில் ஐந்தாறு வருட முழுநேர அனுபவம் இருப்பவர்களுக்கும் கல்லூரிக் காலத்து ஆன்லைன் வேலைகள் தேவையில்லை. இடம்தான் அடைக்கும்.

ஒரே ஒரு பதிவை எப்படி எழுதுவது

ஒரு உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். பி.காம் முடித்தவர், கல்யாணம், குழந்தை என்று மூன்று வருடம் வீட்டில் இருந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அதில் கடைசி ஒன்றரை வருடம் அப்வொர்க் வழியாக ஆஸ்திரேலியாவில் உள்ள இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதியிருக்கிறார். இப்போது கோவையில் ஒரு நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறார். பெரும்பாலும் அவர் எழுதுவது இப்படி இருக்கும்:

"ஆன்லைன் ஜாப், அப்வொர்க் நிறுவனம், 2023 முதல் 2024 வரை. வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்த்தேன். எம்.எஸ். ஆபீஸ் தெரியும்."

இதில் இரண்டு பெரிய சிக்கல்கள். அப்வொர்க் அவரை வேலைக்கு எடுத்த நிறுவனம் இல்லை, கிளையன்டையும் வேலை செய்பவரையும் சேர்த்துவைக்கும் தளம். அதை முதலாளியாக எழுதினால், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்பவர் அங்கே எழுதிக் கேட்பார், 'இவர் எங்கள் ஊழியர் இல்லை' என்று பதில் வரும். உண்மையாக உழைத்தவர் பொய் சொன்னவராகத் தெரிவார். அடுத்தது, அவர் என்னதான் செய்தார் என்பதே அந்த வரியில் இல்லை. 'ஆன்லைன் ஜாப்' என்பது எங்கிருந்து செய்தார் என்பதைச் சொல்கிறதே தவிர, என்ன தெரியும் என்பதைச் சொல்லவில்லை.

இப்படி மாற்றலாம்:

"ஃப்ரீலான்ஸ் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், அப்வொர்க் வழியாக. மார்ச் 2023 – ஆகஸ்ட் 2024.
ஆஸ்திரேலியாவில் உள்ள இரண்டு சில்லறைக் கடைகளுக்கு வாரம் சுமார் 15 மணி நேரம் கணக்கு வேலை.
குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருளில் மாதம் ஏறக்குறைய 200 பில்களைப் பதிந்து, மாதக் கடைசியில் பேங்க் ரீகன்சிலியேஷன் முடித்தேன்.
காலாண்டு ஜி.எஸ்.டி. அறிக்கைக்கான விவரங்களைத் தொகுத்து அங்குள்ள ஆடிட்டருக்கு அனுப்பினேன்.
வசூலாகாமல் கிடந்த பாக்கிகளைப் பட்டியலிட்டு, வாரந்தோறும் நினைவூட்டல் அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கினேன்."

இப்போது படிப்பவருக்கு ஒரு அக்கவுண்ட்ஸ் ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். பதவிப் பெயர் முன்னால் வந்துவிட்டது, 'ஃப்ரீலான்ஸ்' என்ற சொல் அவர் யாருடைய ஊழியரும் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட்டது, தளம் ஒரு ஓரத்தில் நிற்கிறது. 'வாரம் 15 மணி நேரம்' என்ற குறிப்பைக் கவனியுங்கள். பகுதிநேரம் என்று தெரிந்தால் மதிப்பு குறையுமே என்று பலரும் அதை மறைக்கிறார்கள். என் அனுபவத்தில், மணி நேரத்தைச் சொல்கிறவரைத்தான் அதிகம் நம்புகிறார்கள்.

பதவிப் பெயரை நீங்களே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அளவோடு. தனியாக வேலை செய்த ஒருவர் 'நிறுவனர் மற்றும் தலைமைச் செயல் அதிகாரி' என்று போட்டுக்கொண்டு ஜூனியர் வேலைக்கு வந்தால் சங்கடம் இரண்டு பக்கமும்தான். விண்ணப்பிக்கும் வேலை விளம்பரத்தில் உள்ள பெயருக்குப் பக்கத்தில், நீங்கள் உண்மையில் செய்த வேலைக்குப் பொருந்துகிற பெயராக இருக்கட்டும். பல நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் படிப்பது ஒரு மென்பொருள். விளம்பரத்தில் உள்ள சொற்களை அது தேடும். இதே காரணத்துக்காக, பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த வடிவமைப்பு, டேபிள், படக்குறிகள் போட்ட டெம்ப்ளேட்களைத் தவிருங்கள். அவற்றில் இருக்கும் எழுத்தை மென்பொருள் முன்னுக்குப் பின் குழப்பிப் படித்துவிடலாம். ஒரே நெடுவரிசை, சாதாரண எழுத்துரு, எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடிகிற பி.டி.எஃப். போதும்.

சின்னச் சின்னதாக இருபது புராஜெக்ட் செய்திருந்தால் இருபதையும் தனித்தனியாகப் போடாதீர்கள். ஒரே தலைப்பின் கீழ் சேர்த்து, அதில் இந்த வேலைக்குப் பொருத்தமான மூன்றை மட்டும் விரித்து எழுதுங்கள்.

காலக்கணக்கில் மட்டும் விளையாட வேண்டாம். 2022-இல் ஒரு லோகோ, 2024-இல் ஒரு லோகோ செய்துவிட்டு 'இரண்டு வருட அனுபவம்' என்று போடுவது தவறு. வேலை அவ்வப்போது மட்டும் நடந்தது என்றால், '2022 – 2024, 6 புராஜெக்ட்கள்' என்று எண்ணிக்கையைச் சேர்த்து எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பம் இல்லை. நவுக்ரி போன்ற வேலை தேடும் தளங்கள் மொத்த அனுபவம் எவ்வளவு என்று கேட்கும் இடத்திலும் உண்மையில் வேலை நடந்த மாதங்களை மட்டும் கூட்டிப் போடுங்கள்.

எங்கே வைப்பது? படிப்பு முடித்துச் சில வருடங்கள் ஆகி, இந்த ஆன்லைன் வேலைதான் உங்கள் முக்கிய அனுபவம் என்றால் 'பணி அனுபவம்' பகுதியில், மேலேயே. கல்லூரியில் படித்துக்கொண்டே செய்தது என்றால் 'புராஜெக்ட்கள்' பகுதியில். போட்டித் தேர்வுக்குத் தயாரானதாலோ குடும்பப் பொறுப்பாலோ இடைவெளி விழுந்திருந்தால், அந்த இடைவெளி நிரம்பும்படி தேதி வரிசையிலேயே வையுங்கள். குழந்தைக்காக வீட்டிலிருந்த காலத்தை மறைக்கத் தேவையில்லை. 'குடும்பக் காரணத்துக்காக இடைவெளி' என்று ஒரு வரி, அதற்கு மேலே ஃப்ரீலான்ஸ் பதிவு. அவ்வளவுதான்.

சான்றுகளை முன்கூட்டியே சேருங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். வேலை உண்மையாக இருக்கும், ஆனால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. ரெஸ்யூமேயை அனுப்புவதற்கு முன்பே கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் தொடங்கி இவற்றை அதில் போட்டு வையுங்கள்.

தளத்தில் உள்ள உங்கள் புரொஃபைல் இணைப்பு. அப்வொர்க்கில் புரொஃபைல் யாருக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு அமைப்பு உண்டு. அது 'பப்ளிக்' என்று இருந்தால்தான் கணக்கு இல்லாதவரும் திறக்க முடியும். இணைப்பை ரெஸ்யூமேயில் போடுவதற்கு முன், பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். நீங்கள் லாகின் செய்திருக்கும்போது சரியாகத் தெரிவது வெளியாளுக்குத் தெரியாமல் போகலாம். அந்தப் பக்கத்தில் உங்கள் மணிக்கூலியும் தெரியும் என்பதை மறக்காதீர்கள். ஆரம்பத்தில் கிளையன்ட் கிடைக்க மிகக் குறைவாக வைத்த தொகையை இன்னும் மாற்றாமல் இருந்தால், இப்போது மாற்றிவிடுங்கள்.

தளத்தின் மதிப்பீடுகளைப் போட்டால் கூடவே விளக்கத்தையும் போடுங்கள். 'டாப் ரேட்டட்' என்றால் அப்வொர்க்கில் வேலை வெற்றி மதிப்பெண் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் கிடைக்கும். இது ஃப்ரீலான்சர்களுக்குத் தெரியும், ஆனால் கோவை நிறுவனத்தின் ஹெச்.ஆருக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள்.

பண ஆதாரம். கிளையன்டுக்கு அனுப்பிய இன்வாய்ஸ்கள், வெளிநாட்டுப் பணம் பெற உதவும் பேயோனீர் அல்லது பேபால் கணக்கின் பரிவர்த்தனைப் பட்டியல், பணம் வந்து சேர்ந்த பேங்க் ஸ்டேட்மென்ட். இந்திய கிளையன்ட் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடித்திருந்தால் அவரிடம் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் பக்கத்திலும் அது பதிவாகியிருக்கும். வெளிநாட்டு கிளையன்ட் நேரடியாக அனுப்பிய பணம் பொதுவாக அப்படிப் பதிவாகாது. அங்கேதான் நீங்கள் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு உதவுகிறது. வருமானம் வரிவரம்புக்குக் கீழே இருந்தாலும் தாமாக முன்வந்து கணக்குத் தாக்கல் செய்யலாம். சம்பளக்காரர்களுக்கு நிறுவனம் தரும் வரிச் சான்றிதழ் எப்படியோ, ஃப்ரீலான்சருக்கு அந்தத் தாக்கல் ரசீது அப்படி. இரண்டு மூன்று வருடத் தாக்கல் கையில் இருந்தால் 'இது நிஜ வேலைதானா' என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. வங்கிக் கடன், விசா என்று பின்னால் பல இடங்களில் உதவப்போகும் தாள் அது.

கிளையன்ட் தரும் கடிதம். வேலை முடிந்து ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பதில் வராமல் போகலாம். கான்ட்ராக்ட் முடியும் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். இப்படி எழுதலாம்:

"உங்கள் கடைக்கு 2023 மார்ச் முதல் கணக்கு வேலை செய்ததில் எனக்கு மகிழ்ச்சி. அடுத்து இங்கே உள்ளூரில் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். நான் செய்த வேலை என்ன, எந்தக் காலம் என்ற இரண்டையும் குறிப்பிட்டு, உங்கள் கடையின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து நான்கு வரி அனுப்ப முடியுமா? சரிபார்ப்பதற்காக யாராவது எழுதினால் பதில் சொல்ல உங்களுக்குச் சம்மதமா?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சம்மதம் வாங்காமல் ஒருவரின் பெயரையும் எண்ணையும் ரெஸ்யூமேயில் போடுவது மரியாதை இல்லை, ஆபத்தும்கூட.

வேலையின் மாதிரிகளும் வேண்டும். ஆனால் ரகசியம் காக்கும் ஒப்பந்தம் போட்டிருந்தால் கிளையன்டின் பெயரையோ கோப்புகளையோ காட்டக்கூடாது. பெயரை விட்டுவிட்டு வகையைச் சொல்லுங்கள்: 'அமெரிக்காவில் உள்ள ஒரு பல் மருத்துவமனைக்காக மாதம் எட்டுக் கட்டுரைகள்'. வேறொருவர் பெயரில் வெளியாகும் கட்டுரைகளை எழுதிக் கொடுத்திருந்தால் அந்த இணைப்புகளை வெளியே சொல்லாதீர்கள். அதே தரத்தில் புதிதாக ஒரு மாதிரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரகசியம் காத்ததாகச் சொல்கிறவரை நிறுவனங்கள் மதிக்கும், அவர்களுடைய ரகசியமும் உங்களிடம்தானே வரப்போகிறது.

வேறு வேலையில் இருந்துகொண்டே செய்தது என்றால்

இது கொஞ்சம் நுணுக்கமான இடம். 2022 செப்டம்பரில் விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி, ஒரே நேரத்தில் போட்டி நிறுவனங்களிலும் வேலை செய்த 300 பேரை நீக்கியதாகப் பொதுமேடையிலேயே சொன்னார். அதற்குப் பிறகு 'மூன்லைட்டிங்' என்ற சொல்லைக் கேட்டாலே ஐ.டி. நிறுவனங்கள் உஷாராகின்றன.

முழுநேர வேலையில் இருந்த காலத்தில் ஃப்ரீலான்ஸும் செய்திருந்தால், முதலில் அந்த வேலையின் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வேறு வேலை செய்யக்கூடாது என்று அதில் இருக்கிறதா, எழுத்தில் அனுமதி வாங்கினால் செய்யலாம் என்று இருக்கிறதா? அனுமதி வாங்கியிருந்தால் அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தைரியமாகப் போடுங்கள். தடை இருந்தும் செய்திருந்தால், அதை ரெஸ்யூமேயில் சேர்ப்பதால் லாபத்தைவிட நஷ்டமே அதிகம். செய்த எல்லாவற்றையும் ரெஸ்யூமேயில் போட்டே ஆக வேண்டும் என்று விதி இல்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்திலோ வெரிஃபிகேஷன் படிவத்திலோ 'வேறு வேலை, தொழில் ஏதாவது உண்டா' என்று நேரடியாகக் கேட்டால் அங்கே உண்மையைத்தான் எழுத வேண்டும். விட்டுவிடுவதற்கும் பொய் சொல்வதற்கும் இடையில் இருக்கும் கோடு அது.

பி.எஃப். பற்றிப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பி.எஃப். கணக்குகளை இணைக்கும் உங்கள் யு.ஏ.என். எண்ணில் எந்தெந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்து எப்போது விலகினீர்கள் என்ற வரலாறு தெரியும். வெரிஃபிகேஷன் செய்பவர்கள் அதைப் பார்ப்பது வழக்கம். ஃப்ரீலான்ஸ் வேலை அதில் வராது, வராததில் தவறும் இல்லை. நீங்கள் 'ஃப்ரீலான்ஸ்' என்று சரியாக எழுதியிருந்தால் யாரும் அதை அங்கே தேட மாட்டார்கள். ஏதாவது ஒரு நிறுவனத்தின் முழுநேர ஊழியர் என்று எழுதியிருந்தால்தான் தேடுவார்கள்.

அரசு வேலைக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அங்கே அனுபவம் கேட்டால், அறிவிக்கையில் சொன்ன வகை நிறுவனத்திடம் சொன்ன படிவத்தில் சான்றிதழ் வாங்கித் தர வேண்டியிருக்கும். அறிவிக்கையை வரிவரியாகப் படித்து அதன்படி நடங்கள்.

இன்டர்வியூவில் கேட்கப்போகும் கேள்விகள்

ரெஸ்யூமேயில் போட்டுவிட்டால் அதைப் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். சில சமயம் மற்ற எதையும் விட அதைத்தான் அதிகம் கேட்பார்கள், ஏனென்றால் சுவாரசியமான பகுதி அது.

"சொந்தமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தீர்களே, ஏன் வேலைக்கு வருகிறீர்கள்?" இது கட்டாயம் வரும். இதற்குள் ஒளிந்திருக்கும் பயம், நாலு மாதத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவீர்களோ, ராத்திரியில் பழைய கிளையன்டுக்கு வேலை செய்வீர்களோ என்பது. 'நிலையான சம்பளம் வேண்டும்' என்று மட்டும் சொன்னால் அந்தப் பயம் போகாது. தனியாக இருந்ததால் எது கிடைக்கவில்லை என்று குறிப்பாகச் சொல்லுங்கள். நம் அக்கவுண்ட்ஸ்காரர் என்றால், "இரண்டு கடைகளின் கணக்கை முழுசாகப் பார்த்துவிட்டேன். ஆனால் இந்திய ஜி.எஸ்.டி., பெரிய நிறுவனத்தின் ஆடிட் இதெல்லாம் ஒரு டீமில் சீனியர்களோடு இருந்தால்தான் கற்றுக்கொள்ள முடியும்" என்று சொல்லலாம். பழைய கான்ட்ராக்ட்கள் முடிந்துவிட்டன என்றால் அதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

"உங்கள் வேலையை யார் சரிபார்த்தார்கள்?" தனியாகச் செய்தவர்கள் தடுமாறும் கேள்வி. மாதக் கடைசியில் கடைக்காரர் பார்த்தார், காலாண்டுக்கு ஒருமுறை ஆடிட்டர் பார்த்தார் என்று இருந்ததைச் சொல்லுங்கள். கிளையன்ட் ஒரு தவறைக் கண்டுபிடித்து, நீங்கள் திருத்திய சம்பவம் ஒன்று இருந்தால் அதைத் தயாராக வைத்திருங்கள். எல்லாமே சரியாக நடந்தது என்பவரைவிட, தவறு எப்படி வந்தது, அப்புறம் எப்படி வராமல் பார்த்துக்கொண்டேன் என்று விளக்குபவர் வேலை தெரிந்தவராகத் தெரிவார்.

"இப்போது எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்?" டாலரில் அதிகம் வந்த ஒரு மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொல்லாதீர்கள். கடைசி 12 மாதத்தில் தளத்தின் கமிஷன் போக வங்கிக்கு வந்த தொகையைக் கூட்டிப் பாருங்கள். அதுதான் உங்கள் ஆண்டு வருமானம். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டாலும் அதே எண்தான் அங்கே இருக்கும். அது குறைவாக இருந்தால் தயங்க வேண்டாம். "பகுதிநேரமாக வாரம் 15 மணி நேரத்துக்கு இவ்வளவு" என்று மணி நேரத்தோடு சேர்த்துச் சொன்னால் எண்ணின் அர்த்தமே மாறிவிடும். எதிர்பார்க்கும் சம்பளத்தை அந்த எண்ணிலிருந்து கணக்கிடாமல், அந்த ஊரில் அந்தப் பதவிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

ஆஃபர் லெட்டர் வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் 'வேறு தொழில்' பற்றிய பிரிவைப் படியுங்கள். ஃப்ரீலான்ஸைத் தொடர விருப்பம் இருந்தால், சேருவதற்கு முன்பே ஹெச்.ஆருக்கு மின்னஞ்சலில் எழுதி அனுமதி கேளுங்கள். பதிலும் மின்னஞ்சலிலேயே வரட்டும், போனில் சொன்னது பின்னால் நிற்காது. அனுமதி இல்லை என்றால் நடப்பில் இருக்கும் கிளையன்ட்களுக்குத் தேதி சொல்லி, வேலையை முடித்துக் கொடுத்து, கோப்புகளை ஒப்படைத்து, மதிப்புரையையும் வாங்கிக்கொண்டு, தளத்தில் உங்கள் நிலையைப் புது வேலை எடுப்பதில்லை என்று மாற்றிவிடுங்கள். கணக்கை அழிக்க வேண்டாம். இத்தனை நாள் சேர்த்த மதிப்புரைகள் அதில்தான் இருக்கின்றன, ரெஸ்யூமேயில் கொடுத்த இணைப்பும் அதுதான்.